வாயுக் கணப்பும் வீட்டுக் காவலும்



அரசரை அடுத்து வாழ்வோர்க்கு அறிவுரை கூறப் புகுந்த வள்ளுவப் பெருந்தகை, தீக்காய்வோரை உவமையாக எடுத்துக்கொண்டார். தீயை மிக நெருங்கினாற் சுடும். மிக விலகினாற் குளிர் தீராது. ஆதலின் இரண்டிற்கும் நடுவே நின்று பயன்கொள்ளல் வேண்டும் என்பது அவ்வுவமையின் கருத்து. முற்றத்தில் எரியும் விறகுத் தீக்கு இந்த அளவுகோல் முற்றும் பொருந்தும். ஆயின், கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் மனிதன் தன் படுக்கையறைவரை அழைத்துவந்துவிட்ட ஒரு தீக்கு இது போதாது. எரிவாயுவை எரித்து அறையைச் சூடாக்கும் வாயுக் கணப்பையே குறிப்பிடுகின்றேன். அது பழுதுற்றால், பத்தடி விலகி இருப்பவனையும், அடுத்த அறையில் உறங்குபவனையும் கொல்ல வல்லது. அப்பொழுது புகையும் தோன்றாது, நாற்றமும் வீசாது, உறங்குபவன் விழிப்பதும் அரிது.

வெயிலுக்குக் குறைவில்லாத இந்நாட்டில் வாழும் நமக்கு இக்கதை எதற்கு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற மார்கழியில் என் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் எழுதினார். புதிதாகக் குடியேறிய வாடகை வீட்டைப் பற்றியும், எட்டு மாதக் குழந்தையைப் பற்றியும் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். "குளிர் தாங்க முடியவில்லை, ஐயா. கணப்பின் சூடு வெளியே போகாதிருக்க யன்னல் இடுக்குகளையும் சுவரிலுள்ள காற்றுத் துவாரத்தையும் பழந்துணியால் நன்றாக அடைத்துவிட்டேன். இப்போது அறை கதகதப்பாக இருக்கிறது" என்று ஒரு வரி. கடிதத்தின் கடைசியில், தமக்கும் மனைவிக்கும் மாலை நேரங்களில் தலைவலி வருவதாகவும், வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தால் அது தீர்ந்துவிடுவதாகவும் இன்னொரு வரி.

நான் கலைப் பட்டதாரி, இரசாயனம் கற்றவனல்லேன். எனினும் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் அக்கடிதத்தைப் பார்த்தவுடன் முகம் மாறினார். "இவ்விரு வரிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஐயா. இன்றே பதில் எழுதுங்கள்" என்றார். அன்று தொடங்கியது இப்பொருள் பற்றிய என் தேடல். நம்மவருடைய பிள்ளைகள் இன்று இலண்டனிலும் கனடாவிலும் குளிர் சூழ்ந்த வேறு நாடுகளிலும் வாழ்கின்றனர். இங்கே நம் சமையலறையிலும் எரிவாயுக் கொள்கலன் நிற்கின்றது. ஆகவே இந்த வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

எரிவாயு வீட்டுக்கு வந்த கதையை முதலிற் சுருக்கமாகக் காண்போம். நிலக்கரியை மூடிய கலத்தில் இட்டு வெப்பமேற்றினால் எரியக்கூடிய ஒரு வாயு வெளிப்படும். அதனைக் குழாய்வழிச் செலுத்தித் தம் வீட்டில் விளக்கேற்றியவர், கோண்வால் மாவட்டத்து ரெட்ரூத் என்னும் ஊரில் வாழ்ந்த வில்லியம் மேடொக் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர். ஆண்டு 1792. 1807இல் இலண்டன் மாநகரின் பால்மால் வீதியில் வாயு விளக்குகள் எரிந்தன. 1812இல் அந்நகருக்கு வாயு வழங்கும் கம்பனி ஒன்று அரச பட்டயம் பெற்றுத் தொழிலைத் தொடங்கிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் கொழும்பு நகரும் நிலக்கரி வாயுவின் ஒளியைக் கண்டது.

அக்காலத்து வாயுச் சுடர் மஞ்சள் நிறமானது, ஒளி மிகுந்தது, கரி படிவிப்பது. விளக்குக்கு அது போதும், சூட்டுக்கு உதவாது. 1855இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் ரொபேட் பன்சன் என்னும் இரசாயன அறிஞர், வாயு எரிவதற்கு முன்னரே அதனுடன் காற்றைக் கலக்கும் சுடரடுப்பைப் பயன்படுத்தினார். பள்ளி ஆய்வுகூடத்தில் நாம் எல்லோரும் கண்ட அந்தச் சிறிய நீலச் சுடர்தான் அது. கரி படியாத, வெப்பம் மிகுந்த சுடர் கிடைத்ததும் வாயுக் கணப்புகள் பெருகலாயின. பின்னர் மின்விளக்கு வந்து ஒளித் தொழிலைப் பறித்துக்கொள்ளத் தொடங்கியபோது, வாயுக் கம்பனிகள் சமையலையும் சூட்டையும் தம் புதிய வாணிகமாகக் கொண்டன.

இந்த உற்சாகத்தில் ஒரு பெருங்கவனக்குறைவும் கலந்திருந்தது. 1868இல் பென்ஜமின் மோகன் என்னும் இலண்டன் வாசி, குளியலறையில் உடனுக்குடன் வெந்நீர் தரும் வாயுக் கருவி ஒன்றை இயற்றினார். ஐஸ்லாந்து நாட்டின் வெந்நீர் ஊற்றுகளை நினைந்து அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். இன்று மின்சாரத்தால் இயங்கும் கருவியையும் நாம் அப்பெயராலேயே அழைக்கின்றோம். மோகனின் கருவியில் நீரைச் சூடாக்கிய வாயு வெளியேறுவதற்குப் புகைபோக்கியே இருக்கவில்லை. எரிந்த வாயு முழுவதும் கதவடைத்த குளியலறைக்குள்ளேயே தங்கியது. அதன் விளைவு யாதென்பதை அக்காலத்து மக்கள் நன்கு உணர்ந்திலர்.

அவர்கள் உணரத் தவறியதை நாம் தெளிந்துகொள்வோம். எரிதல் என்பது எரிபொருள் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடுதல். போதிய காற்று கிடைத்தால், எரிபொருளிலுள்ள காபன் முழுவதும் எரிந்து காபனீரொட்சைட்டு ஆகின்றது. காற்று குறைந்தால் காபன் அரைகுறையாக எரிந்து, காபனோரொட்சைட்டு என்னும் வேறொரு வாயு தோன்றுகின்றது. இஃது ஒட்சிசனும் காபனும் சேர்ந்த சேர்வை என்பதை 1800ஆம் ஆண்டளவில் வில்லியம் குறூக்சாங் என்பவர் தெளிவுபடுத்தினார். நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது, கண்ணை உறுத்தாது, இருமலையும் எழுப்பாது. புலன்கள் ஐந்தையும் ஏமாற்றும் நஞ்சு இது.

அஃது எவ்வாறு கொல்லுகின்றது என்பதை 1850களில் பிரான்சிய அறிஞர் குளோட் பேர்னாட் ஆராய்ந்து கூறினார். நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் செம்பொருளே ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது. காபனோரொட்சைட்டு அதனுடன் ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்ளும். பேருந்தின் இருக்கைகளையெல்லாம் இறங்க மறுக்கும் ஒருவர் கூட்டம் பிடித்துக்கொண்டால், உரிய பயணிகள் வீதியில் நிற்க வேண்டியதுதான். குருதி ஓடிக்கொண்டே இருக்கும். ஆயினும் மூளையும் இதயமும் ஒட்சிசனின்றி வாடும். முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், குமட்டல், கால்களிற் சோர்வு, சிந்தையிற் குழப்பம், இறுதியில் நினைவிழப்பு. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய அறிவையும் கால்களையுமே இந்நஞ்சு முதலிற் செயலிழக்கச் செய்கின்றது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளரின் முடிவு இதற்குச் சான்று. 1902ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், பிரான்சிய நாவலாசிரியர் எமிலி சோலா, தம் மனைவியுடன் நாட்டுப்புற இல்லத்திலிருந்து பாரிஸ் நகரத்து வீட்டுக்குத் திரும்பினார். படுக்கையறையின் கணப்பில் தீ மூட்டப்பட்டது. அது வாயுக் கணப்பன்று; கரிக் கணப்பு. எனினும் கொன்ற நஞ்சு ஒன்றே. புகைபோக்கி சரிவர இழுக்கவில்லை, யன்னல்கள் மூடியிருந்தன. இரவில் இருவரும் தலைவலியோடும் குமட்டலோடும் விழித்தனர். வேலையாட்களை எழுப்பலாமா என்று மனைவி கேட்டதாகவும், வேண்டாம், காலையிற் சரியாகிவிடும் என்று சோலா மறுத்ததாகவும் அறிகின்றோம். யன்னலைத் திறக்க எண்ணியோ அவர் எழுந்தார். சில அடிகளுக்குள் விழுந்தார். மறுநாட் காலை கதவை உடைத்துத் திறந்தபோது அவர் உயிர் பிரிந்திருந்தது, மனைவி பிழைத்துக்கொண்டார். திறைபஸ் என்னும் படைத்தலைவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்து ஒரு நாட்டின் அரசையே குற்றக் கூண்டில் நிறுத்திய அம்மனிதரை, அடைபட்ட புகைபோக்கி ஒன்று அமைதியாக வீழ்த்திற்று. பகைவர் எவரோ அதனை வேண்டுமென்றே அடைத்தனர் என்று பிற்காலத்தில் ஒரு கூற்று எழுந்தது, அது நிறுவப்படவில்லை. அடைத்தது பகையாயினும் புழுதியாயினும், அடைபட்ட புகைபோக்கி செய்யும் கேடு ஒன்றே.

அதே காலத்தில் இந்நஞ்சுக்கு ஒரு காவலன் தேடப்பட்டான். தேடியவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவ அறிஞர். அவர் 1895இல் வெளியிட்ட ஆய்வில், தாமே காபனோரொட்சைட்டைச் சுவாசித்து, தம் உடலில் நேர்ந்த மாற்றங்களைப் படிப்படியாகக் குறித்திருந்தார். தம் குருதியிலுள்ள செம்பொருளிற் பாதிக்கு மேல் நஞ்சேறும்வரை அவர் நிறுத்தவில்லை. 1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டுத் தைலர்ஸ்ரவுண் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். அங்கு சென்று உடல்களை ஆராய்ந்த ஹோல்டேன், வெடியின் வேகத்தால் இறந்தவர் சிலரே எனவும், வெடிக்குப் பின் பரவிய காபனோரொட்சைட்டால் இறந்தவரே பெரும்பாலோர் எனவும் கண்டார். சிறிய உயிர்களின் மூச்சு விரைவானது. ஆதலின் நஞ்சு மனிதரைத் தாக்குமுன் அவற்றைத் தாக்கும். எலியையோ சிறு பறவையையோ சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லுமாறு அவர் அறிவுரை கூறினார். கனேரிப் பறவையின் கூண்டு சுரங்கத் தொழிலாளியின் கைப்பொருளாயிற்று. பறவை தள்ளாடினால் மனிதர் வெளியேறினர். மின்கருவிகள் வந்து பிரித்தானியச் சுரங்கங்களிலிருந்து அப்பறவைகளுக்கு ஓய்வு கொடுத்தது 1986இல்தான்.

சுரங்கத் தொழிலாளிக்குப் பறவை காவலிருந்தது. வீட்டில் உறங்கிய ஏழைக்கு எக்காவலும் இருக்கவில்லை. இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காசு இட்டால் வாயு தரும் அளவுமானிகள் புகுந்தன. ஒரு பென்னி இட்டால் அதற்குரிய வாயு வரும். ஏழைகளுக்கு இது வரப்பிரசாதமாகவே தோன்றிற்று. ஆயின், நள்ளிரவில் காசு தீர்ந்ததும் கணப்பின் சுடர் தானே அணையும். திருகு திறந்தபடியே இருக்கும். விடியற்காலையில் வீட்டிலொருவர் இன்னொரு பென்னியை இட்டால், எரியாத வாயு திறந்த திருகின் வழியே உறங்குவோர் அறைக்குள் பாயும். நிலக்கரி வாயுவிலோ காபனோரொட்சைட்டு இயல்பாகவே கலந்திருந்தது. இந்த ஆபத்தைத் தீர்க்கவே, சுடர் அணைந்தால் தானே வாயுவை அடைத்துவிடும் பொறி பிற்காலத்தில் அமைந்தது. சுடரின் மேல் நீட்டிய ஒரு சிறு உலோகக் கம்பி, வெப்பத்தால் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கி, வாயுக் கதவைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தாற் கம்பி ஆறும், பிடி தளரும், கதவு மூடும். புதிய கணப்பைப் பற்றவைத்தபின் அதன் குமிழைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது, அக்கம்பி சூடேறும்வரை காத்திருத்தற்கேயாம்.

இதுவரை எரிந்த வாயுவின் கேட்டைக் கண்டோம். எரியாத வாயு கசிந்து தேங்கினால் நேர்வது வெடிப்பு. இதனைக் கூறுமிடத்துப் பாடசாலை அதிபனாகிய எனக்கு நா எழுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்பது ஓர் சிற்றூர். சூழவும் எண்ணெய்க் கிணறுகள். அச்செல்வத்தால் 1930களின் தொடக்கத்தில் பெருஞ்செலவில் எழுந்தது அவ்வூர்ப் பாடசாலை. கட்டடம் முழுவதையும் சூடாக்க ஒரு பொதுக் கொதிகலனை அமைப்பதற்குப் பதிலாக, அறைதோறும் வாயுக் கணப்புகள் வைக்கப்பட்டன. அவை எழுபதுக்கு மேல். 1937இன் தொடக்கத்தில், மாதாந்தம் சில நூறு டொலர் மீதமாகும் என்று கருதி, விலை கொடுத்து வாங்கிய வாயுவை நிறுத்தினர். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வீணே எரிக்கப்பட்டுவந்த கழிவு வாயுக் குழாயுடன் பாடசாலைக் குழாயை இணைத்தனர். அப்பகுதியில் பலரும் அவ்வாறே செய்துவந்தனர். அதைக் குற்றமென்று எவரும் எண்ணவில்லை.

அந்த வாயுவுக்கு மணம் இல்லை. எங்கோ ஓரிணைப்பில் அது கசிந்து, கட்டடத்தின் தரைக்கடியில் காற்றோட்டமற்ற வெற்றிடத்தில் நாளுக்கு நாள் தேங்கிற்று. மாணவர் சிலர் தலைவலி என்றனர். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1937 மார்ச் 18, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி கடந்து சில நிமிடங்கள். பக்கத்து உடற்பயிற்சி மண்டபத்திற் பெற்றோர் கூடியிருந்தனர். பாடசாலை விடச் சில நிமிடங்களே இருந்தன. கைத்தொழில் வகுப்பில் மரம் தேய்க்கும் மின்கருவியொன்றை ஆசிரியர் இயக்கினார்; அதன் பொறி தேங்கிய வாயுவைப் பற்றிற்று. கட்டடம் மேலெழுந்து கீழே விழுந்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் மாண்டன. மிகப் பெரும்பாலோர் மாணவர். பாடசாலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் தம் மகனை அங்கே இழந்தார். இடிபாட்டில் ஒரு கரும்பலகை அகப்பட்டதாம். எண்ணெயும் வாயுவும் அப்பகுதிக்குக் கிடைத்த பெரும் பேறு என்ற கருத்து அதில் எழுதியிருந்ததாகக் கூறுவர்.

சில மாதங்கள் மீதமான பணத்தையும் அந்நாளின் இழப்பையும் நான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டுவதில்லை. சில வாரங்களுள் டெக்சாஸ் மாநிலம் சட்டமியற்றியது: வீடுகளுக்கும் நிலையங்களுக்கும் வழங்கும் இயற்கை வாயுவில் கசிவைக் காட்டும் துர்நாற்றப் பொருள் கலத்தல் வேண்டும். பிற மாநிலங்களும் நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. அழுகிய வெங்காயத்தையொத்த நாற்றமுடைய மெர்கப்டான் என்னும் கந்தகச் சேர்வைகள் இதற்கு உதவுகின்றன. நம் சமையலறையில் வாயு கசியும்போது மூக்கைச் சுளிக்கின்றோமே, அந்த நாற்றம் வாயுவின் இயற்கை நாற்றமன்று. நம்மைக் காப்பதற்கென்றே கலக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல வீடுகளில் வாயு அடுப்புகள் தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தபோது, கொள்கலனிலுள்ள வாயுக்களின் கலவையும் அந்நாற்றப் பொருளின் அளவும் நாடெங்கும் பேசப்பட்டமை உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நாற்றம் கசிவை மட்டுமே காட்டும். வாயு எரிந்துவிட்டால் நாற்றப் பொருளும் உடன் எரிந்துவிடும். அரைகுறையாக எரிந்து பிறந்த காபனோரொட்சைட்டுக்கு நாற்றமில்லை. மூக்கை நம்பியிருப்பவர் ஒரு பகையை அறிவர். மற்றைப் பகையை அறியார்.

இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்த இடர் பிரித்தானியாவிற் காணப்படும். வட கடலில் 1965இல் இயற்கை வாயு கண்டெடுக்கப்பட்டது. 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளாக, வீடுவீடாகச் சென்று அடுப்புகளையும் கணப்புகளையும் மாற்றி, நாடு முழுவதையும் நிலக்கரி வாயுவிலிருந்து இயற்கை வாயுவுக்குத் திருப்பினர். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளும் தொழிலகங்களும் இம்மாற்றத்துக்கு உட்பட்டன. இயற்கை வாயுவில் காபனோரொட்சைட்டு இல்லை. ஆதலின் வாயு நச்சற்றதாகிவிட்டது என்ற எண்ணம் மக்களிடையே பரவிற்று. குழாயில் வரும் வாயு நச்சற்றதே. காற்றுக் குறைந்த கணப்பில் அது எரியும்போது பழைய நஞ்சு மீண்டும் பிறக்கின்றது. சூட்டை மிச்சப்படுத்த யன்னல்களை இறுக அடைக்கும் வழக்கமும் அக்காலத்தே பெருகியதால், வீடுகளிற் காற்று புகும் வழிகள் குறைந்தன.

இதற்கும் மனிதன் மாற்றுக் கண்டான். காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. அது 18 பங்களவுக்குக் குறையுமுன் தானே அணைந்துவிடும் சிறு வழிகாட்டிச் சுடரைப் புகைபோக்கியில்லாக் கணப்புகளில் அமைத்தனர்; அமெரிக்காவில் 1980 முதற்கொண்டு இது நியமமாயிற்று. வெளிக்காற்றை ஒரு குழாயால் உள்ளிழுத்து, எரிந்த வாயுவை இன்னொரு குழாயால் வெளியே தள்ளி, அறைக்காற்றோடு தொடர்பே இல்லாத அடைத்த கணப்புகளும் வந்தன. பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, குளியலறையில் இவ்வடைத்த வகையைத் தவிர வேறு வாயுக் கருவி பொருத்தலாகாது. வாடகை வீட்டின் உடைமையாளர் வாயுக் கருவிகளை ஆண்டுக்கொருமுறை பதிவுபெற்ற தொழிலாளியைக் கொண்டு சோதித்து, அதற்குரிய சீட்டைக் குடியிருப்போர்க்குக் கொடுத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், சமையலடுப்பு நீங்கலான நிலையான எரிகருவி உள்ள வாடகை வீட்டறைகளில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமாயிற்று. ஹோல்டேனின் பறவை, கூண்டை விட்டுச் சுவரில் ஏறிக்கொண்டது எனலாம்.

இனி, இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் கடமைகளைத் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, காற்று. கணப்புள்ள அறையின் காற்றுத் துவாரத்தை எக்காரணம் கொண்டும் அடைத்தலாகாது. சுவரில் அத்துவாரத்தை வைத்தவன் நம் சூட்டைத் திருட வைத்தானல்லன். புகைபோக்கியில்லாக் கணப்பை எரிக்கும்போது யன்னலைச் சிறிதேனும் திறந்துவைக்க வேண்டும். அதனை எரியவிட்டு உறங்குதல் கூடாது. சமையலடுப்பை அறை சூடாக்கப் பயன்படுத்துதலும் கூடாது. நுவரெலியா, பண்டாரவளை முதலிய குளிர்ந்த ஊர்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் கரிநெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்கும் வழக்கமுடையோர்க்கும் இஃதே கூறுவேன். சோலாவைக் கொன்ற நஞ்சு அச்சட்டியிலும் பிறக்கும்.

இரண்டாவது, சுடர். இயற்கை வாயுவின் நற்சுடர் நீலமானது, நிலையாக நிற்பது. அழகுக்கென்றே மஞ்சட் சுடர் காட்டுமாறு செய்த கணப்புகள் நீங்கலாக, சுடர் மஞ்சளாகிச் சோம்பி ஆடினாலும், கணப்பைச் சுற்றிக் கரி படிந்தாலும், யன்னற் கண்ணாடியில் வழக்கத்துக்கு மாறாக நீர் கோத்தாலும், கணப்பை அணைத்துத் தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். புகைபோக்கியைப் பறவைக் கூடும் சருகும் அடைக்கும். குளிர்காலம் வருமுன் ஆண்டுதோறும் அதனைத் துப்புரவாக்கல் வேண்டும். இவ்வேலையைக் கைதேர்ந்தவரிடமே ஒப்படைத்தல் நன்று.

மூன்றாவது, உடல் சொல்லும் செய்தி. வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒருங்கே தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றி, காய்ச்சல் இல்லாதிருந்து, வெளியே சென்றதும் தணிந்தால், அது தடிமனன்று என ஐயுற வேண்டும். காலையிற் சரியாகிவிடும் என்று படுத்தலாகாது. கணப்பை அணைத்து, யன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே கொணர்ந்து, மருத்துவ உதவியை நாடுக. குழந்தைகளும் முதியோரும் கருவுற்றோரும் இருதய நோயாளரும் விரைவிற் பாதிக்கப்படுவர்.

நான்காவது, கசிவு. வாயு நாற்றம் வந்தால் தீக்குச்சி உரசலாகாது. மின்விளக்கைப் போடவும் அணைக்கவும் கூடாது. சிறு பொறியே நியூ லண்டன் பாடசாலைக்குப் போதுமாயிருந்தது. வாயுத் திருகை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, வீட்டை விட்டு வெளியேறி, அங்கிருந்து உதவிக்கு அழைக்க வேண்டும். குழாய்வழி வரும் இயற்கை வாயு காற்றினும் இலேசானது; மேலெழும். நம் கொள்கலனிலுள்ள புரொப்பேனும் பியூட்டேனும் காற்றினும் பாரமானவை. தரையோடு தவழ்ந்து பள்ளங்களிலே தேங்கும். ஆகவே நம் சமையலறையில் உயரத்திலுள்ள யன்னலைத் திறப்பது மட்டும் போதாது. வாசற்கதவையும் திறத்தல் வேண்டும். இணைப்புகளில் ஐயம் இருந்தால் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீயைக் காட்டிச் சோதித்தல் அறிவீனம்.

இறுதியாக, இயன்றவர்கள் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி, உறங்கும் அறைக்கு அருகே அமைத்து, அது செயற்படுகின்றதா என்று காலந்தோறும் சோதிப்பார்களாக. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூளும் பனாட்டும் அனுப்பும் தாய்மாரே, அடுத்த முறை பேசும்போது, "மோனே, உன் வீட்டிலே அந்தக் கருவி இருக்குதோ?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

என் மாணவரின் கதையை முடிக்காமற் சென்றால் நீங்கள் பொறுக்க மாட்டீர்கள். விஞ்ஞான ஆசிரியர் வற்புறுத்தியபடி கடிதத்துக்குக் காத்திராமல் அன்றே தொலைபேசியில் அவரை அழைத்தேன். துணிகளை எடுத்துவிடுமாறும், கணப்பை அணைத்துவைக்குமாறும், ஆண்டுச் சோதனைச் சீட்டை உடைமையாளரிடம் கேட்குமாறும் கூறினேன். இரண்டு வாரங்களின் பின் அவருடைய கடிதம் வந்தது. சோதிக்க வந்த தொழிலாளி புகைபோக்கியைப் பார்த்தாராம். ஒரு பறவைக் கூடும் இடிந்த செங்கற் துண்டும் அதனைப் பெரும்பாலும் அடைத்திருந்தனவாம். அவ்விடத்திலேயே கணப்பின் வாயுவைத் துண்டித்து, உபயோகிக்கலாகாது என்று சீட்டு ஒட்டிச் சென்றாராம். "இப்போது தலைவலி இல்லை. பிள்ளை சுகமாக இருக்கிறாள். நீங்கள் வகுப்பிலே வரலாறு படிப்பித்தபோது இதெல்லாம் எதற்கு என்று நினைத்ததுண்டு, ஐயா" என்று எழுதியிருந்தார்.

அக்கடிதத்தை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கின்றேன். இன்று நாம் பார்த்த ஒவ்வொரு விதியும், அதனை எழுதுவதற்கு முன்னர் யாரோ ஒருவர் தம் வீட்டையோ பிள்ளையையோ இழந்த பின்பே எழுதப்பட்டது. அவ்விழப்பை நாம் மீண்டும் பட்டறிய வேண்டியதில்லை, கேட்டறிந்தாற் போதும். இன்றிரவு உறங்கச் செல்லுமுன் உங்கள் அடுப்பின் திருகையும் கொள்கலனின் திருகையும் ஒருமுறை பாருங்கள்.